முந்நூறு டாலரில் ஒரு முகமூடி இரவு: பெரியவர்களுக்கான ஹாலோவீன் விருந்து, ஒரு நிகழ்வு ஆய்வு

2020-இல் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஹோம் டிப்போ கடைகளில் பன்னிரண்டு அடி உயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று விற்பனைக்கு வந்தது. விலை 299 டாலர். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. இன்று அமெரிக்கப் புறநகர்களில் அக்டோபர் மாதம் நடந்து போனால், ஏதாவதொரு வீட்டுப் புல்வெளியில் அது மாடி ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் இங்கே எழுதும் விருந்துக்கு ஒதுக்கிய மொத்தத் தொகை 300 டாலர். அந்த எலும்புக்கூட்டை வாங்கியிருந்தால் கையில் ஒரு டாலர் மிஞ்சியிருக்கும். விற்பனை வரியைக் கணக்கிட்டால் அதுவும் இல்லை.

விருந்து நடந்தது 2024 அக்டோபர் 26, சனிக்கிழமை இரவு. இடம், நியூஜெர்சியில் எடிசன் நகரை ஒட்டிய ஓர் ஊரில், சுவரோடு சுவர் ஒட்டிய டவுன்ஹவுஸ். விருந்தினர்கள் 22 பேர். நடத்தியவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உறவால் அல்ல, பழக்கத்தால். கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் ரசீதுகளை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தேதியே முதல் சிக்கல். அந்த ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 வியாழக்கிழமை வந்து விழுந்தன. எண்ணெய்க் குளியலையும் எலும்புக்கூட்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. முந்தைய சனிக்கிழமைக்குத் தள்ளியதில் ஓர் ஆதாயமும் இருந்தது. 31-ஆம் தேதி மாலை குழந்தைகளுக்கு உரியது. பெரியவர்களின் வேலை வாசலில் மிட்டாய்க் கிண்ணத்துடன் காவல் நிற்பது. சனிக்கிழமை அந்தக் கடமை இல்லை.

பெரியவர்களுக்கு எதற்கு ஹாலோவீன் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இந்த இரவு முதலில் பெரியவர்களுடையதாகத்தான் இருந்தது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் யாருக்குத் திருமணம் கூடும், யாருக்குப் பணம் சேரும் என்று குறி பார்க்கும் இரவு அது. இரண்டு கொட்டைகளைக் கணப்பில் போட்டு, அவை அருகருகே அமைதியாக எரிகின்றனவா, வெடித்துப் பிரிகின்றனவா என்று பார்த்துக் காதலர்களின் எதிர்காலத்தைச் சொல்வார்கள். அமெரிக்காவுக்கு வந்த பிறகும் அது வீட்டு விருந்தாகவே நீடித்தது. மாசசூசெட்ஸில் இருந்த டெனிசன் என்ற காகித நிறுவனம் 1909-இல் ஹாலோவீன் விருந்து நடத்துவோருக்கென்றே ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. அதன் நோக்கம் தன்னுடைய கிரேப் காகிதத்தை, அதாவது சுருக்கம் வைத்த அலங்காரக் காகிதத்தை, விற்பது. குறைந்த செலவில் வீட்டை அலங்கரிக்கும் யோசனைகள் அப்போதே அச்சேறிவிட்டன. வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது 1930-களிலும் அதன் பிறகும்தான். பண்டிகை குழந்தைகளின் கைக்குப் போனதும் கடைகளின் கைக்கும் போய்விட்டது. 2024-இல் அமெரிக்கர்கள் ஹாலோவீனுக்குச் செலவிடுவார்கள் என்று சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்ட தொகை 1,160 கோடி டாலர்.

முன்மாதிரி: 39 காசு முகமூடி

அக்காவுக்குப் பிடிக்காதவற்றின் பட்டியல் தெளிவாக இருந்தது: ரப்பர் முகங்கள், சிவப்புச் சாயம் வழியும் வெட்டுக்கத்தி, கழிப்பறைக் கதவைத் திறந்தால் அலறும் பொம்மை. பிடித்தது எது என்பதுதான் தெரியவில்லை. அப்போது நான் ஒரு பழைய விருந்தை நினைவூட்டினேன்.

1966 நவம்பர் 28 அன்று, நியூயார்க் பிளாசா ஹோட்டலின் பெரிய நடன அரங்கில், எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி ஒரு கறுப்பு வெள்ளை முகமூடி விருந்து நடத்தினார். ஹாலோவீன் கழிந்து நான்கு வாரம் ஆகியிருந்தது, ஆனால் உள்ளடக்கம் ஹாலோவீனுக்கு ஏற்றது. வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத் தலைவர் கேத்தரின் கிரகாம் சிறப்பு விருந்தினர். அழைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 540 பேர். ஆண்களுக்குக் கறுப்பு உடை, கறுப்பு முகமூடி. பெண்களுக்குக் கறுப்பு அல்லது வெள்ளை உடை, வெள்ளை முகமூடி, கையில் விசிறி. செலவு சுமார் 16,000 டாலர் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் தலைக்கு முப்பது டாலர்தான் வருகிறது, அதுவும் நியூயார்க்கின் பெரும் பணக்காரர்கள் கூடிய இரவில்.

எங்கே பணம் போகவில்லை என்று பார்த்தால்தான் அந்த விருந்தின் சூட்சுமம் தெரியும். பூ அலங்காரத்துக்குப் பெரிதாகப் போகவில்லை. மேசைகளில் சிவப்பு விரிப்பு, பொன்னிற மெழுகுவத்தித் தாங்கிகள், அவற்றில் சுற்றிய பச்சைக் கொடி, அவ்வளவே. இரவு விருந்துக்கு முந்தைய சாப்பாட்டை நண்பர்கள் தங்கள் தங்கள் வீடுகளில் போட்டார்கள். யார் எந்த வீட்டில் சாப்பிட வேண்டும் என்பதைக் கபோட்டி வகுத்துக் கொடுத்தார். நள்ளிரவில் பிளாசாவில் பரிமாறப்பட்டவை கோழி ஹாஷ் (உதிர்த்த கோழிக்கறிக் கிளறல்), ஸ்பாகெட்டி, முட்டைப் பொடிமாஸ் போன்ற எளிய பண்டங்கள். ஷாம்பெயினில் மட்டும் கை தாராளம், 450 பாட்டில். நடிகை கேண்டிஸ் பெர்கன் அன்று அணிந்தது ஹால்ஸ்டன் வடிவமைத்த வெள்ளை முயல் முகமூடி. விருந்து கொடுத்தவரோ ஒரு பொம்மைக் கடையில் 39 காசுக்கு வாங்கிய முகமூடியோடு வாசலில் நின்றார்.

ஒரே ஒரு விதியை விதித்துவிட்டு, அலங்காரச் செலவை 540 பேரின் தலையில் கட்டியிருக்கிறார். அரங்கை நிறைத்தது அவர்கள் உடுத்தி வந்த கறுப்பும் வெள்ளையும். விதிக்கு விலை கிடையாது. அக்காவுக்கு இது உடனே பிடித்துவிட்டது. மலிவாக நடத்துவது வேறு, கண்டிப்பாக நடத்துவது வேறு என்றார். நாங்கள் செய்த எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தவை.

அழைப்பிதழ்

வாட்ஸாப்பில் அனுப்பினால் செலவே இல்லை. இருந்தும் கறுப்பு அட்டையில் வெள்ளை ஜெல் பேனாவால் கையால் எழுதித் தபாலில் அனுப்பினோம். அந்த ஆண்டு ஜூலையில் தபால்தலை 73 காசு ஆகியிருந்தது. 13 வீடுகள். அட்டையும் உறையும் சேர்த்து 21 டாலர் 50 காசு. தண்டச் செலவு என்று அக்காவின் கணவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைக்கு விதி போடுகிறவர் அதை வாட்ஸாப்பில் போட்டால் பாதிப் பேர் வேடிக்கை என்று நினைத்து நீல ஜீன்ஸில் வருவார்கள். கையெழுத்தில் வந்தால் சொன்னதைக் கேட்பார்கள். அட்டையில் இருந்தவை: கறுப்பு அல்லது வெள்ளை உடை, முகமூடி கட்டாயம், ரத்தம் வேண்டாம், இரவு எட்டரை மணி, பத்தரைக்கு எளிய உணவு.

கறுப்பு உடை ஒரு வீட்டில் சிறு புயலைக் கிளப்பியது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது கறுப்பா என்று கேட்டாராம். மருமகள் வெள்ளைக் கசவுப் புடவையில் வந்தார். அன்றிரவு பார்க்க நன்றாக இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

கடைசிக் குறிப்பான பத்தரை மணி உணவுதான் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. “சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதச் சொல்கிறாயா? விருந்துக்குக் கூப்பிட்டுச் சோறு போடாமல் இருந்தேன் என்று ஊர் பேசாதா?” என்று அக்கா கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் ஏழு மணிக்கு 22 பேருக்கு முழுச் சாப்பாடு என்றால் 300 டாலர் அதிலேயே முடிந்துவிடும், மெழுகுவத்திக்குக்கூட மிஞ்சாது. “அக்கா, நேரத்தை மட்டும் எழுதுங்கள். எட்டரை என்றாலே புரிந்துகொள்வார்கள்” என்றேன். புரிந்துகொண்டார்கள். யாரும் பசியோடு வரவில்லை, யாரும் பசியோடு போகவுமில்லை.

வெளிச்சம்

300 டாலரில் மிக அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது வெளிச்சத்தைக் குறைத்ததுதான். நியூஜெர்சியில் அக்டோபர் கடைசியில் மாலை ஆறு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். எட்டரைக்கு நல்ல இருட்டு. கூரை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டால் வீட்டின் பாதி அலங்கோலம் தானாகவே மறையும். சுவரில் ஒட்டிய பள்ளிக்கூட அட்டவணை, மூலையில் கிடக்கும் அமேசான் பெட்டிகள் எவையும் தெரியாது. தெரிந்தே தீருகிறவை தொலைக்காட்சியும் புத்தக அலமாரியும். 12 டாலருக்கு வாங்கிய பெரிய கறுப்புப் படுக்கை விரிப்பை இரண்டாக வெட்டி அவற்றை மூடினோம்.

விளக்குக்கு மொத்தம் 46 டாலர். அதில் 11 டாலர் பழைய பொருள் கடையில் வாங்கிய மெழுகுவத்தித் தாங்கிகளுக்கு: சில பித்தளை, சில கண்ணாடி, ஒன்று எதனால் செய்தது என்றே தெரியாது. ஒன்றுக்கொன்று சேராத தாங்கிகள் ஒரே நிற மெழுகுவத்தி ஏற்றப்பட்டதும் ஒரு குடும்பமாகிவிட்டன. நீளமான தந்த நிற மெழுகுவத்திகள் 18 டாலர். மீதி 17 டாலருக்குப் பேட்டரியில் எரியும் சின்ன விளக்குகள்.

எங்கே உண்மையான நெருப்பு, எங்கே பேட்டரி என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. புடவைத் தலைப்பு, நீண்ட பாவாடை, இறகு வைத்த முகமூடி, கையில் கிண்ணம். இத்தனையும் நெருக்கமான அறையில் நடமாடும்போது தரையிலும் படிக்கட்டிலும் திறந்த சுடர் வைப்பது அறிவீனம். எரியக்கூடிய எதுவும் மெழுகுவத்திக்கு 12 அங்குலத்துக்குள் வரக் கூடாது என்பது அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் அறிவுரை. ஆகவே உண்மைச் சுடர் உணவு மேசையின் நடுவரிசையில் மட்டும். படிகள், ஜன்னல் திண்டு, கழிப்பறை எல்லாம் பேட்டரி. நல்ல சுடர் கண்ணெதிரே எரியும்போது பக்கவாட்டில் மினுங்குவது பேட்டரி என்று யாரும் கவனிப்பதில்லை. வாசனை மெழுகுவத்தி கூடவே கூடாது. செயற்கைப் பூசணி மசாலா மணம் ஒரு மணி நேரத்தில் எல்லா உணவையும் அதே மணமாக்கிவிடும்.

மேசை விரிப்புக்குச் செலவே இல்லை. கபோட்டியின் சிவப்பு விரிப்பை அக்கா மறக்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமான கூட்டத்தில் நிறம் என்று இருக்க வேண்டியது மேசை ஒன்றுதான். அலமாரியில் கிடந்த இரண்டு அரக்குச் சிவப்புச் சுங்குடிப் புடவைகளை நீளவாக்கில் மடித்து விரித்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் புள்ளிகள் மட்டும் வெள்ளையாக மின்னின. விருந்தினர் ஒருவர் இந்தத் துணி எங்கே வாங்கியது என்று கேட்டார். மதுரை என்றதும் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டார்.

பரங்கிக்காய்கள் சில, ஒரு டப்பா மங்கல் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட், எல்லாம் சேர்த்து 33 டாலர். பின்பக்கத்தில் உதிர்ந்து கிடந்த மரக்கிளைகள் இலவசம். கேரேஜ் கதவைத் திறந்து வைத்துக் கறுப்பு அடித்து, ஊறுகாய் ஜாடியில் கூழாங்கல் போட்டு நிறுத்தினோம். காய்களைச் செதுக்கவில்லை. செதுக்கிய காய் சில நாள்களில் பூஞ்சை பிடித்துக் குழைந்துவிடும். செதுக்காதது வாரக்கணக்கில் நிற்கும். விருந்துக்கு இரண்டு வாரம் முன்பே மலிவாகக் கிடைத்தபோது வாங்க முடிந்தது அதனால்தான்.

கைவிட்டவை

உலர்பனி என்ற ட்ரை ஐஸ் வைத்துப் பானக் கிண்ணத்திலிருந்து புகை வரவழைக்க வேண்டும் என்பது அக்கா கணவரின் ஆசை. அதன் குளிர்ச்சி மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறும் கையால் தொட்டால் தோல் பொசுங்கும், துண்டு ஒன்று வயிற்றுக்குள் போனால் ஆபத்து. அது ஆவியாகி வெளிவிடுவது கார்பன் டை ஆக்சைடு. குளிருக்காக ஜன்னலை எல்லாம் மூடிய சிறிய வீட்டில் 22 பேரை வைத்துக்கொண்டு அந்த வேடிக்கை தேவையில்லை. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வும் பழைய விளையாட்டும் போயிற்று. முகப்பூச்சோடு வந்தவர்களைத் தண்ணீரில் முக்கச் சொல்ல முடியாது. செயற்கைச் சிலந்தி வலையைப் பற்றி விவாதிக்கவே இல்லை.

பானமும் சட்டமும்

பானத்துக்கு 50 டாலர். பண்ணையில் பிழிந்த ஆப்பிள் சைடரைப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோலோடு பெரிய பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வைத்தோம். அதில் மது இல்லை. ரம் பாட்டில் தனியாக, அக்கா கணவரின் பொறுப்பில், அளவுக் கோப்பையோடு. இது சிக்கனத்துக்காக மட்டும் செய்ததல்ல. நியூஜெர்சியில் இதற்குச் சட்டப் பின்னணி உண்டு. போதை தலைக்கேறியது கண்ணுக்குத் தெரிந்தும் ஒரு விருந்தினருக்கு மேலும் ஊற்றிக்கொடுத்து, அவர் காரோட்டிப் போய் விபத்து நிகழ்ந்தால், வீட்டுக்காரரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. 1987-இல் அந்தப் பொறுப்பின் எல்லைகளை வகுத்து ஒரு சட்டமும் வந்தது. ஆகவே பொதுப் பானக் கிண்ணத்தில் மதுவைக் கலந்து வைத்துவிட்டு யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாமல் நிற்பது, இந்த மாநிலத்தில் சிக்கனக்காரர் செய்யும் காரியம் அல்ல. நான்கு பேர் ஒயின் கொண்டுவந்தார்கள். மூன்று பாட்டில் திறக்கப்படாமலே மிஞ்சியது.

பத்தரை மணி

உணவுக்கு 112 டாலர். நான்கு பண்டம், எல்லாம் கிண்ணத்தில் கரண்டியால் சாப்பிடக்கூடியவை. முகமூடியும் விசிறியும் வைத்திருப்பவர்களிடம் தட்டு, கத்தி, முள்கரண்டி கொடுப்பது கொடுமை.

கோழி ஹாஷ் பிளாசா விருந்துக்கு ஒரு வணக்கம். காஸ்ட்கோ என்ற பெரிய கடையில் சுட்ட முழுக்கோழி பல ஆண்டுகளாக 4 டாலர் 99 காசு. நான்கு கோழி இருபது டாலருக்குள் அடங்கியது. சதையை உதிர்த்து, பாலேடும் மிளகும் சேர்த்துக் கிளறி, மேலே ரொட்டித்தூள் தூவி அக்கா அடுப்பில் சிவக்க வைத்தார். சைவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் கால்கனன்: வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் வதக்கிய முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் கலந்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் இடும் ஐரிஷ் ஹாலோவீன் உணவு. இதைவிட மலிவான விருந்துணவு எனக்குத் தெரியாது. ஒருவர் கால்கனனைச் சாப்பிட்டுப் பார்த்து ஊறுகாய் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். எலுமிச்சை ஊறுகாய் ஜாடி மேசைக்கு வந்ததும் ஐரிஷ் வம்சாவளிப் பக்கத்துவீட்டுக்காரர்தான் அதை முதலில் காலி செய்யத் தொடங்கினார். மூன்றாவது, பட்டர்நட் பரங்கி சூப். செதுக்குவதற்கென்று வளர்க்கும் பெரிய காய் நீர்த்துப்போய்ச் சுவையற்று இருக்கும். சூப்புக்கு அது உதவாது.

நான்காவது பார்ம்பிராக். உலர்ந்த திராட்சைகளை இரவு முழுவதும் கடுந்தேநீரில் ஊறவைத்து, மாவும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துச் சுடும் ஐரிஷ் பழரொட்டி. உள்ளே ஒரு மோதிரம், ஒரு நாணயம், ஒரு துணித்துண்டு வைப்பது மரபு. மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம், நாணயம் கிடைத்தவருக்குச் செல்வம், துணி கிடைத்தவருக்கு வறுமை. ஒவ்வொன்றையும் பேக்கிங் காகிதத்தில் நன்றாகச் சுற்றி வைத்தோம். வெட்டுவதற்கு முன்பு, உள்ளே பொருள் இருக்கிறது, கடித்துவிட வேண்டாம் என்று அக்கா உரக்கச் சொன்னார். பல் உடைந்தால் மிச்சப்படுத்திய பணமெல்லாம் பல் மருத்துவரிடம் போகும். மோதிரம் வந்தது வெள்ளிவிழா கண்ட ஒரு கணவருக்கு. “தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், முதலில் கேரேஜைக் காலி செய்துவிட்டு” என்றார் அவர் மனைவி. அன்றைய இரவின் பெரிய சிரிப்பு அதுதான். எந்தக் கடைப் பொம்மையும் அதைக் கொடுத்திருக்காது.

முகமூடிகள் நடைமுறையில் எப்படி

டாலர் ட்ரீ கடையில் 2021 வரை பெரும்பாலும் எல்லாம் ஒரு டாலர்; நாங்கள் வாங்கியபோது பெரும்பாலானவை ஒன்றேகால். அங்கே பத்து முகமூடிகளை உபரியாக வாங்கி, பளபளப்புத் தூளையும் பிளாஸ்டிக் ரத்தினங்களையும் பிய்த்துவிட்டு, கிளைகளுக்கு அடித்த அதே கறுப்பை அடித்தோம். குச்சிகளும் சேர்த்து 15 டாலர். ஆறு பேர் முகமூடி இல்லாமல் வந்தார்கள், ஆறும் போயின.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு முகமூடி ஒரு தண்டனை. மேலே கட்டினால் நழுவும், கீழே கட்டினால் கண்ணாடி ஆவி படிந்து மங்கும். அதற்காகவே நான்கு முகமூடிகளின் நாடாவை நீக்கி, பக்கவாட்டில் கபாப் குச்சியை ஒட்டிக் கைப்பிடி ஆக்கியிருந்தோம். அவைதான் அதிகம் விரும்பப்பட்டன, கண்ணாடி போடாதவர்களாலும். தேவைப்படும்போது முகத்தருகே தூக்கலாம், பேசும்போது இறக்கலாம். நாடா கட்டியவர்கள் ஒன்பதரை மணிக்கே கழற்றத் தொடங்கிவிட்டார்கள். சைடரின் ஆவி, ஆள்நெருக்கம், புழுக்கம். பத்தரைக்கு எல்லோரும் சேர்ந்து கழற்றுவது என்ற திட்டம் அதனால் பிசுபிசுத்தது. குளிர்காலக் கோட்டுகளுக்கு இடம் ஒதுக்காததும் ஒரு குறை. படுக்கையறைக் கட்டிலில் அவை மலையாகக் குவிந்து, கிளம்பும்போது வாசலில் ஒரே நெரிசல்.

கணக்கு

மொத்தச் செலவு 289 டாலர் 50 காசு. தலைக்குப் பதின்மூன்று டாலர் சொச்சம். இதில் பாதிக்கு மேல் உணவும் பானமும். சுங்குடிப் புடவைகளுக்கும் வீட்டில் இருந்த கிண்ணங்களுக்கும் மசாலாச் சாமான்களுக்கும் விலை போடவில்லை. விருந்தினர் கொண்டுவந்த ஒயினையும் சேர்க்கவில்லை. உழைப்பைக் கணக்கில் ஏற்றினால் இது சிக்கன விருந்தே அல்ல. வெள்ளிக்கிழமை மாலையும் சனி முழுவதும் மூன்று பேர் நின்ற காலோடு இருந்தோம். கடையில் கொடுக்காத பணத்தைக் கையால் கொடுக்கிறோம், அவ்வளவுதான். வேலைக்கு ஓடுகிற, கூடமாட உதவ ஆளில்லாத ஒருவர் இதே திட்டத்தை அப்படியே எடுத்தால் திணறிப்போவார். அவருக்கு நான் சொல்வது: விதியையும் இருட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், உணவைச் சீஸ், ரொட்டி, திராட்சையோடு நிறுத்துங்கள், நேரத்தை ஒன்பது மணி என்று போடுங்கள்.

பேட்டரி விளக்குகள் ஐந்து நாள் கழித்துத் தீபாவளிக்குப் படிக்கட்டில் மறுபடி எரிந்தன. பெயின்ட் அடிக்காத காய்களில் இரண்டு கூட்டாயின. அடுத்த முறைக்கென்று அக்கா அந்த ரசீது உறையின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்: கோழி மூன்று போதும், உருளைக்கிழங்கு இன்னும் ஐந்து பவுண்டு, எல்லா முகமூடிக்கும் குச்சி, கோட்டு மாட்ட ஒரு கம்பி.